கைப்பேசி நோய்க்கு ஜெபம் மருந்தா?

கிறிஸ்தவ நாடுகளில், விசேஷமாக அமெரிக்காவில், சபைகள் சில ஆண்டுகளாக ஒரு புது ஊழியத்தில் மும்முரமாய் இறங்கி இருக்கின்றன. அதாவது, சமூக வலைத்தளங்களில் அகப்பட்டு மனம் நொந்து கிடக்கும் வாலிபர்களையும் சிறு பெண்களையும் "மேய்ப்பது" என்பதாகும். மேய்ப்பு என்கிற வார்த்தை நாம் கேலிக்காக வைத்ததல்ல. அவர்களே பெருமையோடு வைத்துக் கொண்டிருப்பது. பாதிரிக்குப் பெயர் மேய்ப்பர். ஜனங்களுக்குப் பெயர் மந்தை. ஆடு மேய்க்கிறவன் எதற்காக மேய்க்கிறான் என்பதை நம் கிராமத்துத் தோழர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டினிடத்தில் அவனுக்கு அன்பு இருக்கலாம். அந்த அன்பு ரோமத்துக்கும் கறிக்கும் ஒருநாளும் இடைஞ்சல் செய்வதில்லை.

இந்த ஊழியத்தைப் பற்றி நாம் சொல்ல வருவது ஒன்றுதான். ஒரு கம்பெனி லாபத்துக்காக உண்டாக்கிய நோயை, நோயில் விழுந்த பிள்ளையின் பாவமாக மாற்றிக் காட்டுகிற வேலையே இதில் பெரும்பாலும் நடக்கிறது என்பதுதான் அது.

முதலில் நோய் இன்னதென்று பார்ப்போம். பேஸ்புக் 2004-லும், இன்ஸ்டாகிராம் 2010-லும் தோன்றின. 2012-ல் பேஸ்புக் கம்பெனி இன்ஸ்டாகிராமை 100 கோடி டாலருக்குப் பேரம் பேசி வாங்கிக் கொண்டது. இவற்றைப் பார்ப்பதற்கு எவனும் காலணா கொடுக்க வேண்டியதில்லை. சும்மா கொடுக்கிற வியாபாரி உலகத்தில் எங்காவது உண்டா? இங்கே சரக்கு படம் அல்ல, பாட்டு அல்ல. பார்க்கிறவனுடைய பார்வையே சரக்கு. அதைத்தான் கம்பெனிக்காரன் விளம்பரக்காரனுக்கு விற்கிறான். ஆகவே ஒரு பிள்ளை எவ்வளவு நேரம் கண்ணை எடுக்காமல் பார்க்கிறதோ அவ்வளவும் அவனுக்கு வரவு. புத்தகமானால் பக்கம் முடிந்தவுடன் மூடி விடுவான் என்று பக்கமே முடியாதபடி செய்தார்கள். உன் முகத்தை எத்தனை பேர் மெச்சினார்கள், எதிர்வீட்டுப் பெண்ணின் முகத்தை எத்தனை பேர் மெச்சினார்கள் என்று எண் போட்டுக் காட்டினார்கள். பருவமடைந்து, தன் உடம்பே தனக்குப் புதிதாய் இருக்கும் வயதில் ஒரு பெண் பிள்ளை இந்த எண்ணைப் பார்த்துக் கொண்டு படுக்கப் போகிறாள். அவளுக்குத் தூக்கம் எப்படி வரும்?

கம்பெனிக்காரனுக்கு இது தெரியாது என்று யாராவது நினைத்தால் அது வீண் தயவு. இன்ஸ்டாகிராமால் தங்கள் உடம்பைப் பற்றிய மனக்குறை மூன்று பெண் பிள்ளைகளில் ஒருத்திக்கு அதிகமாகிறது என்று 2019-ல் அந்தக் கம்பெனியின் சொந்த ஆராய்ச்சிக்காரர்களே எழுதி வைத்தார்கள். அந்தக் காகிதம் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. பிரான்சஸ் ஹாகன் என்கிற பெண்மணி, அங்கே வேலை பார்த்தவர், 2021-ல் காகிதங்களை வெளியே கொண்டு வந்த பிறகுதான் உலகம் அறிந்தது.

அதற்கு முன்பே, 2017-ல், லண்டனில் 14 வயதுப் பெண் ஒருத்தி தன் உயிரைத் தானே மாய்த்துக் கொண்டாள். கடைசி ஆறு மாதத்தில் இன்ஸ்டாகிராமில் அவள் சேமித்து வைத்தும், விரும்பியும், பகிர்ந்தும் இருந்தவற்றில் 2,100 பதிவுகள் சாவைப் பற்றியும், மனச்சோர்வைப் பற்றியும், தன்னைத்தானே வருத்திக் கொள்வதைப் பற்றியும் இருந்தன என்று விசாரணையில் வெளிப்பட்டது. இன்னொரு கம்பெனி, மனச்சோர்வுப் படங்கள் இன்னும் இருக்கின்றன, வந்து பார் என்று அவளுக்குக் கடிதமே போட்டிருக்கிறது! 2022 செப்டம்பரில் விசாரணை அதிகாரி தம் முடிவில் இந்தப் பதிவுகளின் கெடுதலையும் அவளுடைய சாவுக்குக் காரணமாகச் சேர்த்து எழுதினார்.

இவ்விடத்தில் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வலைத்தளம் பார்க்கிற எல்லாப் பிள்ளைகளும் கெட்டுப் போகிறார்கள் என்பது நிரூபிக்கப்பட்டதல்ல. ஆராய்ச்சிக்காரர்களுக்குள் வழக்கு இன்னும் தீரவில்லை. 2023-ல் அமெரிக்க அரசாங்கத்தின் தலைமை மருத்துவ அதிகாரி விவேக் மூர்த்தி எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டபோது, நாளொன்றுக்கு மூன்று மணிக்கு மேல் இதில் செலவிடும் பிள்ளைகளுக்கு மனச்சோர்வும் கவலையும் உண்டாகும் அபாயம் இரட்டிப்பு என்று எடுத்துக் காட்டினார்; அதே அறிக்கையில், தனித்துக் கிடக்கும் சில பிள்ளைகளுக்கு இது துணையாகவும் இருக்கிறது என்றும் சொன்னார். அறிவுக்காரன் பேசுவது இப்படி. தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொல்லுவான். இனி மேய்ப்பர் பேசுவதைக் கேட்போம்.

மேய்ப்பரிடம் அந்தப் பெண் பிள்ளை போகிறாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். "ஐயா, இரவெல்லாம் பார்க்கிறேன், விட முடியவில்லை, என் முகம் எனக்கே பிடிக்கவில்லை" என்று அழுகிறாள். அவர் உடனே 139-ஆம் சங்கீதத்தைத் திறந்து, தேவன் உன்னைத் தாய் வயிற்றிலேயே அற்புதமாய்ச் செய்தார், உன் மதிப்பு அவரிடத்தில் இருக்கிறது, எண்ணைப் பார்க்காதே என்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே புத்தகத்தில் 51-ஆம் சங்கீதத்துக்குப் போனால், தாய் வயிற்றில் உருவானபோதே பாவத்தில் உருவானேன் என்று இருக்கிறது. தாய் வயிற்றில் இருந்தது அற்புதமா, பாவமா? அந்தப் பெண் எதை நம்ப வேண்டும்? அழுகிறபோது ஒன்றும், அடங்காதபோது மற்றொன்றும் எடுத்துக் காட்டுவதற்குச் சௌகரியமாய் இரண்டும் ஒரே கட்டில் இருக்கின்றன.

அடுத்தபடியாக, கைப்பேசி ஒரு விக்கிரகம், நீ தேவனுக்குக் கொடுக்க வேண்டிய நேரத்தை விக்கிரகத்துக்குக் கொடுத்தாய், மனந்திரும்பு என்கிறார். கவனியுங்கள் தோழர்களே! பொறி வைத்தவன் ஒருவன். விழுந்தது பிள்ளை. குற்றப் பத்திரிகை பிள்ளையின் மேல்! 2024 ஜனவரி 31-ந் தேதி அமெரிக்க செனட் கமிட்டியின் முன்னால், பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய் தகப்பன்மார் படங்களைத் தூக்கிப் பிடித்துக் கொண்டிருக்க, பேஸ்புக் முதலாளி மார்க் ஜுக்கர்பர்க் எழுந்து திரும்பி அவர்களிடம் வருத்தம் தெரிவித்தார். அதுவும் ஒரு செனட்டர் நெருக்கிக் கேட்ட பிறகு. அந்த முதலாளிக்காவது பொது இடத்தில் இவ்வளவு நெருக்கடி உண்டாயிற்று. மேய்ப்பர் அறையிலோ முதலாளியின் பெயரே வருவதில்லை. அங்கே முழங்காலிட வேண்டியவள் 14 வயதுப் பெண்.

இது ஏதோ ஒரு மூடப் பாதிரியின் கூற்று என்று தள்ள முடியாது. 1970-ல் ஜே ஆடம்ஸ் என்கிற பாதிரியார், மனநோய் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி பாவத்தின் விளைவே என்றும், அதற்கு ஆலோசனை சொல்லத் தகுந்தவர் மனநோய் வைத்தியர் அல்ல, பைபிள் அறிந்த பாதிரியே என்றும் ஒரு புத்தகம் எழுதினார். அதிலிருந்து ஒரு பெரிய கூட்டமே கிளம்பி விட்டது. அதன் பலனை அவர்களே அளந்தும் காட்டி இருக்கிறார்கள். அமெரிக்காவிலுள்ள புராட்டஸ்டண்ட் பிரிவுகளில் மிகப் பெரியதான தெற்கத்திய பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்த லைஃப்வே ஸ்தாபனம் 2013-ல் ஒரு கணக்கெடுத்தது. கடுமையான மனநோயைக்கூட ஜெபத்தாலும் பைபிள் வாசிப்பாலும் மட்டுமே தீர்த்து விடலாம் என்று சுவிசேஷக் கிறிஸ்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் சொன்னார்கள்! பல் வலித்தால் இவர்கள் பல் வைத்தியரிடம் ஓடுகிறார்கள். கண் மங்கினால் கண்ணாடி போடுகிறார்கள். பிள்ளையின் மனம் உடைந்தால் மாத்திரம் ஜெபம்! ஜெபித்தும் தீரவில்லை என்றால் பழி யார் மேல்? விசுவாசம் போதவில்லை என்று மறுபடியும் பிள்ளை மேல்தான். முன்பு முகம் அழகில்லை என்கிற ஒரு குறை. இப்பொழுது விசுவாசமும் இல்லை என்கிற இரண்டாவது குறை.

நிற்க, இந்த மேய்ப்புக்காக ஏற்பட்டிருக்கும் இயந்திரத்தின் கதை ஒன்று உண்டு. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டி இருக்கிறது.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் 2000-த்தில் கிறிஸ்தவர்களால் தொடங்கப்பட்ட ஒரு கம்பெனி இருக்கிறது. பெயர் கவனன்ட் ஐஸ், அதாவது "உடன்படிக்கைக் கண்கள்". இவர்களுடைய செயலியைக் கைப்பேசியில் ஏற்றி விட்டால், வைத்திருப்பவன் என்ன பார்க்கிறான் என்பதை அது அடிக்கடி படம் பிடித்துப் பரிசோதித்து, "துணைவர்" என்று குறிக்கப்பட்ட இன்னொருவருக்கு அறிக்கை அனுப்பும். துணைவர் தகப்பனாக இருக்கலாம், பாதிரியாக இருக்கலாம், சபையில் ஒருவராக இருக்கலாம். ஆபாசப் படம் பார்க்காமல் தடுப்பதற்காக என்று சொல்லுகிறார்கள். இப்பொழுது அமெரிக்கக் கீழ்ச்சபைத் தலைவராக இருக்கும் மைக் ஜான்சன் 2022-ல் ஒரு சபைக் கூட்டத்தில், தாமும் பருவ வயதுள்ள தம் மகனும் ஒருவருக்கொருவர் இப்படித் துணைவராய் இருப்பதாகப் பெருமையோடு சொல்லிக் கொண்டார். அந்தப் பையனிடத்தில் யாராவது தனியாகக் கேட்டார்களா?

2022 செப்டம்பரில் வயர்ட் பத்திரிகை இம்மாதிரிச் செயலிகளை ஆராய்ந்து, இவை எவ்வளவு தூரம் வேவு பார்க்கின்றன என்று வெளியிட்டது. கூகுள் கம்பெனி தன் செயலிக் கடையிலிருந்து இவற்றில் இரண்டைச் சில காலம் எடுத்து வைக்க வேண்டி வந்தது. பிறர் வாழ்க்கையைத் துருவிப் பார்ப்பதையே தொழிலாக உடைய கூகுளுக்கே இது அதிகமாய்ப்பட்டது என்றால் மற்றவர்கள் என்ன சொல்ல இருக்கிறது?

எல்லாம் பார்க்கிற கடவுள் ஒருவர் மேலே இருக்கிறார் என்று பிரசங்கம் செய்கிறவர்களுக்கு மாதச் சந்தா கட்டி ஒரு செயலி எதற்கு? அவருடைய கண் மங்கி விட்டதா? அல்லது அவர் பார்ப்பதை இவர்களே நம்பவில்லையா? ஒரு பெண்ணை மனதால் இச்சித்தாலே விபசாரம் ஆயிற்று என்று மத்தேயு சுவிசேஷம் சொல்லுகிறது. 15 வயதுப் பையனுக்கு மனதில் இச்சை வராமல் இருக்குமா? இயற்கையாக வருகிற ஒன்றுக்குப் பாவம் என்று பெயரிட்டு, அதைப் படம் பிடித்துத் தகப்பனுக்கும் பாதிரிக்கும் அனுப்பினால் அந்தப் பையன் நல்லவன் ஆவானா, கள்ளன் ஆவானா? இன்ஸ்டாகிராமில் ஊரார் பார்க்கிறார்களே என்று கூனிக் குறுகியவன், இங்கே சபையார் பார்க்கிறார்களே என்று கூனிக் குறுகுகிறான். பார்வை மாறிற்றே ஒழியப் பிள்ளைக்கு விடுதலை இல்லை.

இப்படிப் பிள்ளைகளின் அந்தரங்கத்தை ஒப்படைக்கச் சொல்லுகிறவர்களின் யோக்கியதையையும் பார்க்க வேண்டும் அல்லவா? மேலே சொன்ன அதே தெற்கத்திய பாப்டிஸ்ட் சபையில், தகாத காரியங்களுக்காகக் குற்றம் சாட்டப்பட்ட 700-க்கு மேற்பட்டவர்களின் பெயர்களை நிர்வாகிகள் இரகசியமாய் எழுதி வைத்துக் கொண்டு வெளியிடாமல் இருந்ததை, 2022 மே மாதத்தில் அவர்கள் தாமே ஏற்படுத்திய விசாரணையின் அறிக்கை அம்பலப்படுத்திற்று. பிள்ளையின் கைப்பேசியில் இரகசியம் கூடாது. மேய்ப்பர் பட்டியலில் மாத்திரம் இரகசியம் கூடும் போலும்!

அது போகட்டும். வலைத்தளம் விக்கிரகம் என்று சொல்லுகிறவர்கள் தாங்கள் என்ன செய்கிறார்கள்? அமெரிக்காவில் ஒரு சபை 2008-ல் வெளியிட்ட பைபிள் செயலி ஒன்று உலகமெங்கும் பரவி இருக்கிறது, தமிழிலும் கிடைக்கிறது. எத்தனை நாள் விடாமல் திறந்தாய் என்று அது கணக்கு வைத்துக் காட்டும். ஒருநாள் தவறினால் கணக்கு அறுந்து போகும். பிள்ளைகளைக் கட்டிப் போடுவதற்கு ஸ்னாப்சாட் கையாளுவதும் இதே நாள் கணக்குத்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், ஜனங்களுக்குப் பழக்கம் உண்டாக்கிச் சரக்கை விட முடியாமல் செய்வது எப்படி என்று கம்பெனிக்காரர்களுக்குக் கற்றுக் கொடுக்க 2014-ல் நீர் இயால் என்பவர் ஒரு புத்தகம் வெளியிட்டார். அந்த வித்தைக்கு நல்ல மாதிரியாக அவர் ஒரு முழு அத்தியாயம் எழுதியது எந்தச் சூதாட்டச் செயலியைப் பற்றியும் அல்ல, இந்தப் பைபிள் செயலியைப் பற்றித்தான்! தூண்டிலுக்குத் தூண்டில்காரனே கொடுத்த நற்சாட்சிப் பத்திரம் இது.

கத்தோலிக்கர் பின்வாங்கினவர்கள் அல்ல. ஹாலோ என்கிற ஜெபச் செயலி, 2024 பிப்ரவரியில் சூப்பர் பவுல் பந்தயத்தின் நடுவே சினிமா நடிகரை வைத்து விளம்பரம் போட்டது. உலகத்திலேயே விலை அதிகமான விளம்பர நேரங்களில் அது ஒன்று. சில நாளில் ஆப்பிள் கடையில் முதலிடத்துக்கு வந்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இரகசியமாய் ஜெபிக்கும்படி இயேசு சொன்னதாகச் சுவிசேஷத்தில் இருக்கிறது. அதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்பதைக் கத்தோலிக்கத் தோழர்களே அளந்து கொள்ளட்டும். 2025 ஜூலையில், வலைத்தளத்தில் பின்தொடர்பவர் கூட்டம் சேர்த்திருக்கும் கத்தோலிக்கப் பிரசங்கிகளுக்கென்றே ரோமாபுரியில் ஒரு விழா நடந்தது.

செப்டம்பரில் இன்னொன்று நடந்தது. கார்லோ அகுதிஸ் என்கிற பையனுக்குப் போப்பாண்டவர் 14-ஆம் லியோ அர்ச்சிஷ்டர் பட்டம் கட்டினார். 1991-ல் பிறந்து, 2006 அக்டோபரில் இரத்தப் புற்றுநோயால் 15 வயதில் இறந்து போன பையன். கம்ப்யூட்டரில் கெட்டிக்காரன், நற்கருணை அற்புதங்களைத் தொகுத்து ஒரு வலைத்தளம் செய்தான். அந்தப் பிள்ளையின் மேல் நமக்கு ஒரு குற்றமும் இல்லை. பெற்றவர்கள் துக்கம் பெரிய துக்கம். ஆனால் இக்காலத்து வாலிபர்களுக்கு இவனே வழிகாட்டி, வலைத்தளக் காலத்துப் புனிதன் என்று காட்டுகிறார்களே, அது நியாயமா? பேஸ்புக் பொதுமக்கள் எல்லோருக்கும் திறந்து விடப்பட்டது 2006 செப்டம்பர் கடைசியில். பையன் இறந்தது அடுத்த மாதம் 12-ந் தேதி. இன்ஸ்டாகிராம் பிறந்தது அதற்கு நான்கு ஆண்டு கழித்து. இந்தப் புலியைக் கண்ணால் பார்த்தே இராத ஒருவனைப் புலிக்குத் தப்பும் வழிக்குத் தலைவனாக்குவது என்ன புத்தி?

அவனுடைய உடலை அசிசி நகரத்தில் கண்ணாடிப் பெட்டியில், ஜீன்ஸ் காற்சட்டையும் விளையாட்டுச் சப்பாத்தும் போட்டு வைத்திருக்கிறார்கள். முகம் சிலிக்கான் வைத்துச் சரி செய்யப்பட்டது என்று அந்த ஊர் பிஷப்பே ஒப்புக் கொண்டார். உயிரோடிருக்கிற பெண் பிள்ளைகள் படத்தில் முகத்துக்கு மெருகு பூசுவது பொய் என்று பிரசங்கம். செத்துப் போன பிள்ளையின் முகத்துக்கு மெருகு பூசுவது பக்தி! இதைப் படித்து நமது இந்து, முஸ்லிம் நண்பர்கள் சிரிக்க வேண்டியதில்லை. கைப்பேசியில் ஜாதகம் பார்க்கிற கூட்டம் இங்கே குறைந்து போகவில்லை.

இவ்வளவுக்கும் பதிலாக மேய்ப்பர்கள் ஒரு வாதம் சொல்லுவார்கள். அமெரிக்கப் பேராசிரியர் ஜானதன் ஹைட் 2024-ல் எழுதிய புத்தகத்தைக் காட்டுவார்கள். அவர் தம்மை நாத்திகர் என்று சொல்லிக் கொள்பவர். அவரே கைப்பேசிக் கேட்டுக்கு மாற்றாக மதங்களின் பழைய வழக்கங்கள் சிலவற்றை மெச்சுகிறார், மதக் குடும்பப் பிள்ளைகளுக்குக் கெடுதல் சற்றுக் குறைவு என்கிறார், இதற்கு என்ன சொல்லுகிறீர்கள் என்று கேட்பார்கள். நல்ல கேள்விதான். அவர் மெச்சுவது என்ன? நாலு பேர் நேரில் கூடுவது, கூடிப் பாடுவது, வாரத்தில் ஒருநாள் ஓய்ந்திருப்பது, சற்று நேரம் மௌனமாய் இருப்பது. இதில் எதற்குத் திரியேகத்துவம் வேண்டும்? எதற்குக் கன்னி வயிற்றில் பிள்ளை பிறக்க வேண்டும்? பத்துப் பேர் கூடிப் பந்து விளையாடினாலும், வாசகசாலையில் உட்கார்ந்து படித்தாலும், நாடகம் போட்டாலும் பிள்ளையின் கை கைப்பேசியை விட்டு விலகத்தான் செய்யும். சபையில் இளைஞர் வேலை பார்க்கும் ஒருவர், பைபிளை மூடி வைத்துவிட்டு, அழுகிற பிள்ளையின் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து குறுக்கே பேசாமல் கேட்டால், அவர் செய்தது நல்ல காரியமே. அப்படிப்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களை நாம் குறை சொல்ல வரவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளைக்குச் சுகம் கொடுத்தது மனிதனுடைய காது. அதற்குரிய பெயரை ஆகாயத்துக்கு எழுதி வைப்பதைத்தான் ஆட்சேபிக்கின்றோம்.

கேட்டு முடிந்த பிறகு என்ன செய்ய வேண்டும்? இரவில் கைப்பேசி படுக்கை அறைக்கு வெளியே இருக்க வேண்டும். பிள்ளையுடையது மாத்திரம் அல்ல, தகப்பனுடையதும். சாவைப் பற்றிப் பிள்ளை பேசினால் அன்றைக்கே வைத்தியரிடம் அழைத்துப் போக வேண்டும். நாளைக்கு ஜெபக் கூட்டம் இருக்கிறது என்று தள்ளக்கூடாது. இவை வீட்டில் செய்யக்கூடியவை. வீட்டுக்கு மிஞ்சியதற்குச் சட்டம்தான் வேண்டும். 2023 அக்டோபரில் அமெரிக்காவில் 41 மாநிலங்களும் தலைநகரமும் சேர்ந்து, பிள்ளைகளுக்குத் தீங்கு செய்தது என்று பேஸ்புக், இன்ஸ்டாகிராம் நடத்தும் மெட்டா கம்பெனியின் மேல் வழக்குத் தொடர்ந்தன. வழக்காடினவர்கள் கேட்டது எவன் எப்படிப் பொறி செய்தான் என்பதை. பிள்ளை எத்தனை முறை ஜெபித்தது என்பதை அல்ல.

ஆஸ்திரேலியாவில் 2024 நவம்பரில் ஒரு சட்டம் நிறைவேறி, 2025 டிசம்பர் 10-ந் தேதி அமலுக்கு வந்தது. 16 வயதுக்குட்பட்டவர்கள் பெரிய வலைத்தளங்களில் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்பது அதன் சாரம். இது முற்றும் பலிக்கும் என்று நாம் சொல்லவில்லை. வயதைப் பொய்யாகச் சொல்லி நுழைகிற பிள்ளைகள் இருக்கத்தான் செய்வார்கள். தனித்துக் கிடந்த சில பிள்ளைகளுக்கு இருந்த துணையும் இதனால் போகும் என்று அங்குள்ள அறிஞர்களே ஆட்சேபித்திருக்கிறார்கள். அதைப் பற்றி விவாதம் நடக்கட்டும். ஆனால் சட்டத்தின் தண்டனைப் பிரிவை மாத்திரம் வாசகர்கள் கவனிக்க வேண்டும். தக்க முயற்சி எடுக்காமல் பிள்ளைகளை உள்ளே விட்டால் கம்பெனிக்கு 4 கோடியே 95 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். பிள்ளைக்கும் பெற்றோருக்கும் ஒரு தம்பிடி அபராதம் கிடையாது.